சென்னையைவிடப் பக்கத்தில் ஒரு ஃபாரின்! சுதந்திர தின லீவுக்கு யாழ்ப்பாணம் போகும் கேங்குக்கு...

கீழ்வேளூரிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். யாழ்ப்பாணம்? பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கடலில் சுமார் 110 கிலோமீட்டர். இறங்கினால் யாழ் நகரம் இன்னும் 20 கிலோமீட்டர்தான். காலையில் கப்பல் ஏறினால், மதியச் சாப்பாட்டை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

சும்மாவா, 'லாங் வீக்கெண்ட்' வந்தாலே வாட்ஸ்அப் குரூப்பில் "மச்சி, ஒரு ஃபாரின் ட்ரிப்?" என்று யாராவது கொளுத்திப் போடுகிறார்கள்!

நாகையிலிருந்து வெளிநாட்டுக்குக் கப்பல் போவது புதிதில்லை. 'ரஜுலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கதை டெல்டாவில் பல வீடுகளில் உண்டு. அதன் பிறகு ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால், தாத்தாக்கள் போனது பிழைக்க. பேரன்கள் போவது லீவுக்கு.

இந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, மழைக்காலம் நெருங்கியதால் ஒரு வாரத்திலேயே நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்ட் 16-ல். சுதந்திர தினத்துக்கு மறுநாள்! ஒரு நாள் முன்னால் விட்டிருக்கக் கூடாதா என்று அப்போது நொந்துகொண்டவர்கள் இருந்திருப்பார்கள்.

எந்த லீவுக்குப் போகலாம் என்பதைக் காலண்டர் முடிவு செய்வதில்லை, கடல்தான் முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கப்பலை நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் தீபாவளி, பொங்கல், குடியரசு தினத்தை நம்பி பிளான் போட முடியாது. ஆகஸ்ட் 15 தோதான நாள். நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டியே வரும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். கேங்கில் கூச்ச சுபாவக்காரர் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்.

பாஸ்போர்ட் கட்டாயம். விசா விதிகளை இலங்கை அரசு அடிக்கடி மாற்றுகிறது. போன வருஷம் போன நண்பர் சொன்னதை நம்பாமல், டிக்கெட் போடும் முன் அவர்களுடைய அரசு இணையதளத்தைப் பாருங்கள். கப்பல் கட்டணமும் அப்படித்தான். கடைகளில் விலையைப் பார்த்து மிரள வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். பௌர்ணமி தோறும் 'போயா' விடுமுறை, அன்று மதுக்கடைகள் திறக்காது. யாருக்காகச் சொல்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும்.

வாய்க்கால் கரையில் வளர்ந்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஒன்று: அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே கிடையாது. செம்மண், சுண்ணாம்புக்கல், கிணற்று நீர், பனைமரம். அதை வைத்துக்கொண்டு வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கும் டெல்டா பிள்ளைகள் அந்தத் தோட்டங்களை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். பிறகு புட்டு, சொதி, ஒடியல் கூழ் எல்லாம் வயிறு கொண்ட மட்டும்!

மொழி ஒன்று என்பதால் வெளிநாடு என்பதே மறந்துபோகும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"எங்கேயிருந்து?" என்ற கேள்விக்கு "நாகப்பட்டினம் பக்கம்" என்று சொன்னால், எதிரில் இருப்பவர் மீனவராக இருந்தால் முகம் லேசாக மாறலாம். இங்கே நமக்குத் தெரிவது, எல்லை தாண்டியதாகக் கைதாகி யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் நம் மீனவர்களின் கதை. அங்கே அவர்களுக்குத் தெரிவது, இங்கிருந்து வரும் இழுவைப்படகுகள் அறுத்துவிட்டுப் போகும் தங்கள் வலைகள். போரால் வருஷக்கணக்கில் கடலில் இறங்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. லீவுக்குப் போன இடத்தில் இதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் கதையை மட்டும் சுமந்துகொண்டு போய் டீக்கடையில் வாதம் செய்தால், அந்த டீ இனிக்காது.

இன்னொன்று, ஆகஸ்ட் 15. நமக்குக் கொடியேற்றமும் மிட்டாயும். அங்கே அது சாதாரண நாள். 1987-ல் அமைதிப்படை என்று வந்த இந்திய ராணுவத்தை யாழ்ப்பாணம் மறந்துவிடவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 21, தீபாவளி தினம். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது. நகர் நடுவில் மூவர்ணக்கொடியோடு கூட்டமாகக் கத்தி ரீல்ஸ் எடுக்கலாமா என்பதை அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம். கொடியேற்றத்தைத் தவறவிடக் கூடாது என்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

செல்ஃபி எடுக்கப் பலர் போவது வெள்ளை வெளேரென்று நிற்கும் பொது நூலகத்துக்கு. 1981-ல் எரிக்கப்பட்டபோது ஓலைச்சுவடிகளோடு சேர்த்து சுமார் 97,000 நூல்கள் போயின. இப்போது நிற்பது அதன் பிறகு மீண்டும் எழுப்பியது. உள்ளே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் கடைசி நாளுக்குப் போடாதீர்கள். திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்றால் சனிக்கிழமையே கப்பல் ஏறுங்கள். காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து கீழ்வேளூருக்கு ராத்திரி ரயில் என்று, கண்ணெதிரே இருக்கும் ஊருக்கு ஊரைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.