பிதுரார்ஜிதமாக ஒரு கோபம்

ஆங் லீ இயக்கிய ‘ஹல்க்’ (2003) திரைப்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரு புன்னகையே பதிலாகக் கிடைக்கிறது. ‘அந்தப் பச்சை ரப்பர் பொம்மைப் படமா?’ என்று கேட்டவர்களும் உண்டு. வெளியான முதல் வார இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 62 மில்லியன் டாலர் ஈட்டிய அப்படம், அடுத்த வார இறுதியில் அதில் சுமார் 70 விழுக்காட்டை இழந்தது. அரக்கன் ஒருவன் பீரங்கிகளைச் சுழற்றி எறிவதைக் காண வந்த கூட்டத்திற்கு, ஒரு தகப்பனும் மகனும் பேசித் தீர்க்க முடியாத கதையை இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் காட்டினால் வேறென்ன நடக்கும்?

ஆயினும், சூப்பர் ஹீரோக்களைப் பற்றிய திரைப்படங்களில் ஒரு குடும்ப இரகசியத்தின் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொள்ளத் துணிந்த படம் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இது குறைகளற்ற படைப்பென்று நான் வாதிடப் போவதில்லை. அதன் குறைகளையும் பின்னர் சொல்கிறேன். ஆனால் அதன்பின் வந்த படங்கள் இக்கதாபாத்திரத்திலிருந்து எதை அகற்றின என்பதைப் பார்க்கும்போது, அகற்றப்பட்டதே கதையின் உயிர் என்று தோன்றுகிறது.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-இல் ஹல்க்கை உருவாக்கியபோது அதில் தகப்பனுக்கு இடமிருக்கவில்லை. ப்ரூஸ் பேனர் ஓர் அணு விஞ்ஞானி. தான் உருவாக்கிய காமா குண்டின் சோதனைக்களத்தில் வழிதவறி வந்துவிட்ட இளைஞனைக் காப்பாற்ற ஓடி, கதிர்வீச்சில் சிக்குகிறான். பனிப்போர்க் காலத்தின் அச்சம் அது. விஞ்ஞானம் செய்த பிழை விஞ்ஞானியின் உடலிலேயே குடியேறுகிறது. 1977 முதல் 1982 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் இதை மாற்றியது. விபத்தொன்றில் மனைவியைக் காப்பாற்ற முடியாமற்போனவனின் குற்றவுணர்வை அது கதையின் தொடக்கமாக வைத்தது. நாயகனின் பெயரும் டேவிட் என்றாயிற்று.

உண்மையான திருப்பம் 1985-இல் நிகழ்ந்தது. பில் மாண்ட்லோ எழுதி மைக் மிக்னோலா வரைந்த 312-ஆம் இதழில் ப்ரூஸின் பால்யம் முதன்முறையாக விரிவாகச் சொல்லப்பட்டது. தகப்பன் பிரையன் பேனரும் அணு ஆராய்ச்சியாளனே. கதிர்வீச்சு தன் உயிரணுக்களைக் கெடுத்திருக்கும், ஆகவே பிறக்கும் பிள்ளை அரக்கனாகவே இருக்கும் என்ற பீதி அவனைப் பீடிக்கிறது. குழந்தையின் வயதுக்கு மீறிய அறிவே அவனுக்குச் சாட்சியாகிவிடுகிறது. அடியும் உதையும் தொடர்கின்றன. மகனை அழைத்துக்கொண்டு வெளியேற முயலும் மனைவி ரெபெக்காவை அவன் கொன்றுவிடுகிறான்.

இந்த ஓர் இதழ் இருபத்து மூன்று ஆண்டுக் கதையின் பொருளையே மாற்றிவிட்டது. அதுவரை ஹல்க் ஒரு விபத்தின் விளைவு. இதன்பின் அவன் ஒரு வாரிசு. குண்டு வெடித்தபோது புதிதாக எதுவும் பிறக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்ததற்கு ஓர் உடல் கிடைத்தது, அவ்வளவே. நம் பத்திரங்களில் ‘பிதுரார்ஜிதம்’ என்றொரு சொல் உண்டு. தகப்பன்வழி வருவது, நாம் சம்பாதிக்காதது. நிலத்திற்கும் வீட்டிற்கும் வழங்கும் அச்சொல்லை ஹல்க்கின் கோபத்திற்குத் தயங்காமல் வழங்கலாம்.

பீட்டர் டேவிட் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். 1997-இல் வந்த ஒரு பின்னோக்கு இதழில், பெரியவனாகிவிட்ட ப்ரூஸ் தாயின் கல்லறையருகே தகப்பனை எதிர்கொள்கிறான். கைகலப்பில் தகப்பன் இறந்துபோகிறான். அந்த நினைவையும் ப்ரூஸ் தன் மனத்தின் அடியில் புதைத்துவிடுகிறான். தகப்பனின் இரகசியத்தைச் சுமந்த பிள்ளை, தன் பங்குக்கு ஓர் இரகசியத்தைச் சேர்த்துக்கொள்கிறான். கொடுமைக்கு ஆளானவன் எந்தக் கணத்தில் கொடுமையின் பங்காளியாகிறான் என்ற கேள்வியை, மாதந்தோறும் கடையில் தொங்கும் மலிவு விலைச் சித்திரக்கதை ஒன்று கேட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆங் லீயும் அவருடைய நெடுநாள் திரைக்கதையாளர் ஜேம்ஸ் ஷாமஸும் எடுத்துக்கொண்டது இந்தப் பால்யத்தைத்தான். தொலைக்காட்சி நாயகனின் டேவிட் என்ற பெயரைத் தகப்பனுக்கு வைத்தார்கள். நிக் நோல்டி ஏற்ற அந்த டேவிட் பேனர், இராணுவத் தளமொன்றில் தன் உடலிலேயே சோதனைகளைச் செய்துகொண்டவன். அதன் விளைவு மகனின் இரத்தத்தில் இறங்கியிருப்பதை அறிந்து, அவனைக் கொல்லக் கத்தியுடன் வருகிறான். குறுக்கே வந்த தாய் இறக்கிறாள். சிறுவன் வளர்ப்புத் தாயிடம் வேறொரு குடும்பப் பெயருடன் வளர்கிறான். பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்பதே அவன் அறிந்த வரலாறு. மூடிய கதவொன்று மட்டும் கனவில் வந்துகொண்டேயிருக்கிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, அந்த இரகசியம் யார் யாருக்குத் தெரியும் என்பது. தகப்பனுக்குத் தெரியும். அவனைச் சிறைப்படுத்திய ஜெனரல் ராஸுக்குத் தெரியும். அந்த ராஸின் மகள் பெட்டியைத்தான் ப்ரூஸ் காதலித்திருக்கிறான். தெரியாதவன் அதற்கு உரியவன் ஒருவன் மட்டுமே. குடும்ப இரகசியங்களின் இயல்பு பெரும்பாலும் இதுதான் அல்லவா? அவற்றை யாரும் பூட்டி வைப்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்ததை, வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லாமலிருக்க எல்லோரும் பேசாமலேயே உடன்பட்டுவிடுகிறார்கள். ‘அவன் நன்மைக்காகத்தான்’ என்பார்கள். அந்த மௌனம் யாருடைய நன்மையைக் காத்தது என்பது வெகுகாலம் கழித்தே தெரியவரும்.

படத்தின் நுட்பமான முடிவு இன்னொன்று. ஆய்வகத்தில் விபத்து நிகழ்வதற்கு முன்பே ப்ரூஸும் பெட்டியும் பிரிந்துவிட்டிருக்கிறார்கள். ஒரே ஆய்வகத்தில் அருகருகே வேலை செய்கிறார்கள், மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் அவனை நெருங்க அவளால் முடியவில்லை. வழக்கமாக இவ்வகைக் கதைகளில் நாயகனின் சக்தியே உறவுகளைக் கெடுக்கும். முகமூடியை மறைக்கப் பொய் சொல்வான், வாக்குத் தவறுவான், காதலி கோபித்துக்கொள்வாள். இங்கே அரக்கன் வருமுன்பே உறவு முறிந்துவிட்டது. முறித்தது அவனுடைய கோபம்கூட இல்லை, கோபமே வராத அவனுடைய அமைதி. எரிக் பானாவின் அசைவற்ற முகத்தைப் பலர் குறையாகச் சொன்னார்கள். நான்கு வயதில் ஒரு கதவின் முன்னால் நின்றுவிட்டவனின் முகம் வேறெப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரக்கதைப் பக்கத்தைப் போல் திரையைப் பல சட்டங்களாகப் பிரித்துக்காட்டிய உத்தியும் கேலிக்குள்ளானது. சில இடங்களில் அது வெறும் விளையாட்டுத்தான். ஆனால் ஒரே கணத்தில் இருக்கும் மனிதர்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்துக் காட்டுவது, இந்தக் குடும்பங்களைப் பற்றி வசனங்கள் சொல்லாததைச் சொல்கிறது.

உச்சமென்று நான் கருதுவது போர்க்காட்சி எதையும் அல்ல. இறுதிப் பகுதியில், இராணுவத்தின் கண்காணிப்பில் தகப்பனும் மகனும் எதிரெதிரே அமர்த்தப்படுகிறார்கள். உண்மை முழுவதும் வெளிவந்தாயிற்று. வழக்கமான ஹாலிவுட் உளவியலின்படி இது விடுதலையின் கணம். மறைந்திருந்தது வெளிப்பட்டால் காயம் ஆறவேண்டும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. மகன் அழுகிறான். தகப்பனோ, தான் பார்க்க வந்தது இந்த ப்ரூஸை அல்ல, அவனுக்குள் இருக்கும் மற்றவனையே, அவனே தன் உண்மையான மகன் என்கிறான். முப்பதாண்டுகள் கழித்து வந்தவன், தான் ஏற்படுத்திய காயத்தை மட்டும் அடையாளம் கண்டு ‘என் பிள்ளை’ என்று உரிமை கொண்டாடுகிறான். உண்மையை அறிவது வேறு, அதிலிருந்து விடுபடுவது வேறு என்பதை இவ்வளவு தயவின்றிச் சொன்ன காட்சி இவ்வகைப் படங்களில் அரிது.

ஆங் லீ இக்கதையிடம் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ‘புஷிங் ஹேண்ட்ஸ்’ (1991), ‘தி வெட்டிங் பேங்க்வட்’ (1993), ‘ஈட் ட்ரிங்க் மேன் உமன்’ (1994) ஆகிய அவருடைய முதல் மூன்று படங்களும் தகப்பன்களைப் பற்றியவை. இரண்டாவதில் மகன் தன்பாலுறவு வாழ்க்கையைப் பெற்றோரிடமிருந்து மறைக்கிறான். தகப்பனோ எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார். தைவானில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஆங் லீயின் தந்தை, மகன் பேராசிரியராக வேண்டுமென்று விரும்பியவர். அவர் தலைமை வகித்த பள்ளியிலேயே படித்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றவர் மகன். ‘ஹல்க்’ படப்பிடிப்பில் கணினிக்கான உடையை அணிந்துகொண்டு, ஹல்க்கின் சினத்தையும் அசைவுகளையும் ஆங் லீ தானே நடித்துக் கொடுத்தார் என்பது பலரறிந்த செய்தி. அதுவரை அவர் படங்களின் பிள்ளைகள் உணவு மேசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவர்கள். ஒருமுறை அவர்களில் ஒருவன் எழுந்து மேசையைக் கவிழ்த்தான். அப்படத்திற்குப்பின் திரைத்துறையை விட்டே விலக நினைத்தவரை, தொடர்ந்து படமெடுக்கச் சொன்னவர் அதே தந்தை. 2004-இல் அவர் காலமானார். மறு ஆண்டு ‘ப்ரோக்பேக் மவுண்டன்’ வெளிவந்தது.

இனி குறைகள். முதற்குறை அந்தத் தாய். அவளுடைய மரணத்தின்மீதுதான் மொத்தக் கதையும் நிற்கிறது. ஆயினும் அவள் யார், எதற்கு அஞ்சினாள், ஏன் முன்பே வெளியேறவில்லை என்பவற்றுக்குப் படம் சில நிமிடங்களைக்கூட ஒதுக்கவில்லை. கொலையுண்டவள் அவள், இரகசியமோ தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான சொத்தாகிவிடுகிறது. மூலச் சித்திரக்கதைக்கும் இதே குற்றச்சாட்டு பொருந்தும். இரண்டாவது, இறுதிச் சண்டை. மேற்சொன்ன உரையாடலோடு நின்றிருக்க வேண்டிய கதை, தகப்பனையும் மின்சாரத்தை உறிஞ்சும் பூதமாக்கி ஏரிக்கரையில் மோதவிடுகிறது. தகப்பன் மெய்யாகவே பூதமாகிவிட்டால் மகனுக்கு வேலை எளிதாகிவிடும். நாற்காலியில் அமர்ந்திருந்த அந்த நரைத்த மனிதனே அதிகம் அச்சுறுத்தினான்.

இத்தனைக்கும் பிறகு, அடுத்து வந்தவர்கள் செய்தது என்ன? 2008-இல் எட்வர்ட் நார்ட்டன் நடித்த படத்தில் பேனரின் தகப்பன் இல்லை. 2012-இன் ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில், தான் எப்போதுமே கோபத்தில் இருப்பதுதான் தன் இரகசியம் என்று பேனர் சொல்லிவிட்டு அரக்கனாகிறான், அரங்குகள் ஆர்ப்பரித்தன. இரகசியம் என்ற சொல் அங்கே ஒரு கைதட்டலுக்கான வசனமாகச் சுருங்கிவிட்டது. எதன்மீது கோபம், எப்போதிருந்து கோபம் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னும் வெளிப்படையான சான்று 2019-இன் ‘எண்ட்கேம்’. பேனரின் அறிவும் ஹல்க்கின் உடலும் ஒன்றிணைந்தவனாக அவன் வருகிறான். ஆய்வகத்தில் பதினெட்டு மாதங்கள் கழித்ததாக உணவகத்தில் அமர்ந்து ஓரிரு வாக்கியங்களில் விளக்கிவிடுகிறான். இதே இணைவு 1991-ஆம் ஆண்டு 377-ஆம் இதழில் பீட்டர் டேவிட் எழுதியது. அங்கே அதற்கு ஒரு விலை இருந்தது. மனமயக்க நிலையில் ப்ரூஸ் தன் பால்யத்திற்குள் இறங்கி, தாயின் மரணத்தையும் தகப்பனின் முகத்தையும் மறுபடி பார்த்தாகவேண்டும். அதன் பின்னரே உள்ளிருந்த பிளவுகள் ஒன்றையொன்று ஏற்கின்றன. திரைப்படம் பலனை எடுத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டது. தகப்பனின் பெயரைக்கூடச் சொல்லாமல் பிதுரார்ஜிதக் கடன் தீர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதிவிட்டார்கள்.

சித்திரக்கதையோ அவ்வாறு மறக்கவில்லை. அல் யுவிங் எழுதி 2018 முதல் 2021 வரை வெளியான ‘இம்மார்டல் ஹல்க்’ தொடரில், இறந்துபோன பிரையன் பேனர் நரகத்திலிருந்து மீண்டும் குறுக்கிடுகிறான். அது ஐம்பது இதழ்களுக்கு வாசகர்களைப் பிடித்துவைத்தது. ஆகவே வெகுசன வாசகர்கள் இத்தகைய இருளைத் தாங்கமாட்டார்கள் என்ற வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

ஆங் லீயின் படத்தில் முடிவுக்குச் சற்று முன்பாக ஒரு சிறு காட்சி வருகிறது. ஓராண்டு கழிந்திருக்கிறது. ஜெனரல் ராஸ் மகள் பெட்டியைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவள் காதலித்தவனை வேட்டையாடியவர் அவர். தன் பேச்சு ஒட்டுக்கேட்கப்படலாம் என்பதை அறிந்தவள் அவள். இருவரும் சொற்களை அளந்து பேசுகிறார்கள். மன்னிப்பு முழுமையாகக் கிடைத்துவிடவில்லை, நம்பிக்கையும் திரும்பவில்லை. ஆயினும் அழைப்பைத் துண்டிக்க இருவருக்குமே மனமில்லை. சூப்பர் ஹீரோ படமொன்றில் எனக்கு மறக்காமல் நிற்கும் காட்சி எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதில் யாரும் பறப்பதுமில்லை, எதுவும் இடிவதுமில்லை.