யானைக்கு வக்காலத்து

இன்சின் பகுதியில், சலவைக்கல்லால் ஆன பெரிய புத்தர் சிலை எழுந்தருளியிருக்கும் மிந்தம்மா குன்றுக்கு அண்மையில் உள்ள வெள்ளை யானைக் கூடம் யாங்கோன்வாசிகளுக்குப் புதிதன்று. 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் ராக்கைன் காடுகளில் பிடிக்கப்பட்டு, தேசத்துக்கு வரப்போகும் சுபிட்சத்தின் சகுனமென்று கொண்டாடப்பட்டு, ராஜ விருதுகள் சூட்டப்பெற்று, அலங்கார மண்டபத்தில் குடியேற்றப்பட்ட அந்த யானைகள், காலில் சங்கிலியோடு நின்ற இடத்திலேயே அசைந்தாடிக் காலங்கழிப்பதைத்தான் அங்கு சென்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்டுவந்திருக்கிறார்கள்.

மனிதருக்குள்ள உரிமைகள் அனைத்தையும் மிருகங்களுக்கும் அளிக்க வேண்டுமென்று வாதாடுவோர் உலகில் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்கு நாம் தயாராக இல்லை. யானைக்கு வாக்குச்சீட்டு வேண்டியதில்லை. ஆனால் சிறைப்பட்டிருக்கும் ஒரு பிராணி, தன்னைச் சிறைவைத்திருப்பவரின் தயவை எதிர்பாராமல், ஒரு காப்பாளர் வாயிலாகத் தன் பெயராலேயே நியாயஸ்தலத்தில் முறையிடும் பாத்தியதையைப் பெற்றாக வேண்டும் என்பதும், அப்பாத்தியதையை இந்நாடு முதலாவதாகத் தன் வசமுள்ள யானைகளுக்கு வழங்க வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

பேச்சறியாத ஒரு ஜந்து சட்டத்தின் கண்ணில் எப்படி ஒரு நபராக முடியும் என்று கேட்கிறார்கள். பர்மாவில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் விசித்திரம். உடலும் உயிரும் இல்லாமல், பம்பாயில் பதிவான பத்திரங்களில் மட்டும் வாழ்ந்த பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் என்ற நபர் தேக்குக்குரிய தீர்வையைக் குறைத்துச் செலுத்தியதாக மண்டலே ராஜசபை 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததை முகாந்திரமாகக் கொண்டல்லவா, 1885-ஆம் ஆண்டில் ஆங்கிலச் சைனியம் ஐராவதி நதி வழியே ஏறிவந்து, தீபா மன்னரைச் சிறைபிடித்து ரத்தினகிரிக்கு நாடு கடத்தியது? காகிதத்தில் பிறந்த அந்த நபருக்காக ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது. அவருடைய தேக்கை இழுத்த யானைகளோ அவருடைய சொத்துக் கணக்கில் ஒரு வரியாக இருந்தன.

அதைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தமும் உண்டு. பர்மா இன்னும் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த 1925-இல், கல்கத்தா மல்லிக் குடும்பத்தார் தங்கள் குலதெய்வத்தின் விக்கிரகத்தை எங்கே வைத்துப் பூஜிப்பது என்று வழக்காடியபோது, லண்டன் பிரிவி கவுன்சில், விக்கிரகம் சட்டப்படி ஒரு நபரே என்றும், தன் இருப்பிடத்தைக் குறித்த அதன் சித்தம் மதிக்கப்பட வேண்டும் என்றும், அதை எடுத்துரைக்க விவகாரத்தில் சுயநலமற்ற ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. விக்கிரகத்தின் விருப்பத்துக்குச் செவிசாய்த்த அதே சட்ட மரபு, நினைவும் நோவும் உள்ள யானையின் விருப்பம் அறியக்கூடாதது என்று கைவிரிப்பது அழகாகுமா? அதை அறிய ஜோசியம் தேவையில்லை. சங்கிலியை அவிழ்த்துப் பார்த்தாலே போதும்.

இந்நாட்டில் மனிதர் வசமுள்ள யானைகள் சுமார் 5,000 என்பார்கள். அவற்றுள் ஏறத்தாழ 3,000 ராஜாங்கத்துக்குச் சொந்தமான மியன்மா மர நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எண் உண்டு, நோய்நொடியும் பிரசவமும் எழுதப்படும் ஏடு உண்டு. கோடை மாதங்களில் ஓய்வும், ஐம்பது வயதைக் கடந்தபின் பணிவிலக்கும் உண்டு. எத்தனையோ சர்க்கஸ்களையும் மிருகக்காட்சிசாலைகளையும் நோக்க இது மேலான நிர்வாகம் என்பதை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் அவ்வேடுகளையே ஆராய்ந்து பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, காட்டில் பிடிபட்ட யானைகள், முகாமிலேயே பிறந்தவற்றைவிடச் சில ஆண்டுகள் குறைவாகவே வாழ்கின்றன. பிடிபட்டபோதும் பழக்கப்பட்டபோதும் நேர்ந்த இன்னல் நெடுங்காலம் தொடர்கிறது. மாலையில் வேலை முடிந்ததும், காலில் தளையும் கழுத்தில் மரமணியுமாக யானையைக் காட்டில் மேயவிட்டு, விடியலில் அம்மணியோசையைப் பின்பற்றிப் பாகன் தேடிச் செல்வது இங்குள்ள வழக்கம். யானை இருக்குமிடத்தை எஜமானனுக்கு அறிவிக்க ஏற்பட்ட மணி அது. யானையின் குறையை அறிவிக்க ஒரு மணியும் ஏற்படவில்லை.

2014 ஏப்ரலில் உருட்டு மரங்களின் ஏற்றுமதி தடைப்பட்டு, 2016-17-இல் நாடெங்கும் மரம் வெட்டுவதே ஓராண்டு நிறுத்தப்பட்டபோது, வேலையிழந்த யானைகளின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. சில முகாம்கள் உல்லாசப் பிரயாணிகளுக்குரிய இடங்களாயின. அது நன்றோ தீதோ, முடிவு செய்தவர் உடைமைக்காரரே. ஓய்வு விதியும் அவர் எழுதியது. நாளை அவரே அதை அழித்தால் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

சலுகைக்கும் உரிமைக்கும் இடையேயுள்ள தூரத்தை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் அளந்துகாட்ட வேண்டியதில்லை. வயலிலும் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 1960-களின் தேசியமயத்தில் கடைகண்ணிகளை இழந்து கப்பலேறியவர்கள் போக எஞ்சியவர்களில் எத்தனை பேர், 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அட்டையின் நிறத்தைக் கொண்டு தங்கள் நிலையை அறிந்துவருகிறார்கள்! மனிதனின் துயரத்தை மிருகத்தின் துயரத்தோடு நிறுத்துப் பார்ப்பது நமது நோக்கமன்று. மனிதருக்கே உரிமை முழுமையாக வாய்க்காத இடத்தில் யானைக்கு என்ன அவசரம் என்று கேட்போருக்குத்தான் இதைச் சொல்கிறோம். உரிமை என்பது ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைந்துபோகும் பத்தாயத்து நெல் அன்று. யானையின் பேரால் எழும் கேள்விக்கு நீதிபதியின் முன் விடையளித்துப் பழகிய ஓர் இலாகா, மனிதன் கேட்கும்போது மௌனம் சாதிப்பது சற்றே கடினமாகும்.

அயல்நாட்டு நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் ஒருமுகமாக இல்லை. இலங்கை 1985-இல் பரிசளிக்க, இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் வாடிய காவன் என்ற யானைக்கு, பிராணிகளுக்கும் சட்ட உரிமை உண்டென்று கூறி 2020-இல் அந்நகர உயர் நீதிமன்றம் விடுதலை அளிக்க, அது கம்போடியா போய்ச் சேர்ந்தது. ஹாப்பி என்ற யானையின் மனுவையோ 2022-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் தள்ளிவிட்டது. 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதித்ததை நம்மவர் கொண்டாடினர். மிருகங்களுக்கு அடிப்படை உரிமை உண்டென்று அரசியல் சாசனத்தின் வழி தாம் கூற இயலாது, அது சட்டமன்றத்தின் பொறுப்பு என்று அதே தீர்ப்பு சொல்லியிருப்பதைக் கவனித்தவர் சிலரே. ஆகவே இவ்வுரிமையை நீதிபதிகளின் கருணையிலிருந்து கறந்தெடுக்க முயல்வதைவிட, சட்டமாக எழுதி வைப்பதே உத்தமம்.

இது நமக்கோ பர்மியருக்கோ அந்நியமான எண்ணமும் அன்று. இந்நாட்டுப் பிக்ஷுக்கள் போற்றும் இலங்கையின் மகாவம்சம், பகைவனேயாயினும் தமிழ் மன்னன் எல்லாளனைப் புகழும் இடத்தில், கன்றை இழந்த பசு மட்டுமல்ல, குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த ஒரு பறவையும் அவனது ஆராய்ச்சி மணியை அடித்து நியாயம் பெற்றதாகச் சொல்கிறது. பசுவின் சொந்தக்காரர் யாரென்று அந்த அரசன் விசாரித்ததாக அதில் இல்லை.

யானைகளை நாளைக்கே காட்டில் துரத்திவிடச் சொல்லவில்லை. தோலுக்காகக்கூட யானையைக் கொல்லும் கள்ள வேட்டைக்காரர்கள் நடமாடும் காட்டில் அது தயையும் ஆகாது. நாம் கோருவது இதுவே: ராஜாங்கத்தின் வசமுள்ள யானைகளையும், வெள்ளை யானைகளையும் சட்டப்படி நபர்களாக அறிவிக்க வேண்டும், மர நிறுவனத்தையோ, யானைக் கூடத்தின் நிர்வாகத்தையோ சாராத கால்நடை வைத்தியர் ஒருவர் தலைமையில் காப்பாளர் குழு அமைய வேண்டும், ஏடுகளைப் பார்வையிடவும், தளையை அகற்றவும், இடமாற்றத்தையும் நன்கொடையையும் தடுக்கவும் நீதிமன்றம் செல்ல அக்குழுவுக்கு அதிகாரம் வேண்டும். கால்நடை வைத்தியப் பல்கலைக்கழகம் யெஸினில் இருக்கையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. செலவுக்குத் தேக்கு ஏலத்தின் வருமானத்தில் ஒரு பங்கை, உழைத்து ஓய்ந்த யானைகளின் ஜீவனாம்சமாகச் சட்டத்தின் வாசகத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனமாக வைத்தால் முதல் நெருக்கடியிலேயே அது வெட்டப்பட்டுவிடும்.