ரசாயனமும் தார்ச்சாலையும்

ஒரே சாஸ்திரத்தில் ஆழ்வதா, பல சாஸ்திரங்களில் உலவுவதா என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் ரசாயனம் போதித்த பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனையே நான் சுட்டிக்காட்டுவது வழக்கம். தெருவில் மக்காமல் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைத் துணுக்குகளாக நறுக்கி, ஏறத்தாழ 160 டிகிரி வரை சூடேற்றிய ஜல்லியின்மேல் தூவினால், அவை கணப்பொழுதில் உருகி, எண்ணெய் தடவினாற்போல் கல்லின்மேல் படிந்து, பின்னர் ஊற்றும் தாரை இறுகப் பற்றிக்கொள்வதோடு, சாலைகளின் பரம சத்துருவான மழைநீரையும் உள்ளே புகவிடாமல் தடுக்கின்றன என்பதைக் கண்டு, 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அவர் சாலை போட்டுக் காட்டினார். பத்மஸ்ரீ விருது வந்தது 2018-இல். (பதினாறு வருஷம் நம் தேசத்தில் பெரிய தாமதமன்று!)

சாலை போடுவது ரசாயனக்காரர் வேலையா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்தப் பிளாஸ்டிக் எந்த உஷ்ணத்தில் இளகும், பி.வி.சி.யைச் சூடேற்றினால் ஏன் நச்சுப்புகை கிளம்பும் என்ற சூட்சுமங்கள், தம் சாஸ்திரத்தில் ஊறித் திளைத்தவருக்கே சித்திக்கும். எனவே மாணவர் முதலில் ஒரு துறையில் வேரூன்றட்டும். எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்வது ஆராய்ச்சியாகாது. ஆனால் வேரூன்றியவர் அண்டைத் துறையில் கால் வைத்தால், அதையே குற்றமாகப் பாவித்துப் பதவி உயர்வை மறுக்கும் வழக்கத்தைத் தேர்வுக் குழுவினர் தயவுசெய்து கைவிட வேண்டும்.