ஏணியின் கீழ்ப்படி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கோடையில் ஏரி வற்றியதும் வாலிபர்கள் அங்கே கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுகின்றனர். அவர்களைக் காணுந்தோறும் நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. திறமையுள்ளவன் எங்கே பிறந்திருப்பினும் உச்சிவரை ஏற வழியுண்டா? இக்கேள்வி தனி மனிதனுக்கு மட்டுமன்று, தேசங்களுக்கும் பொருந்துவதாகும்.

ஆசியக் கிரிக்கெட் கவுன்ஸில் அவ்வழியை ஓரளவு வகுத்துள்ளது. 1996-ல் தொடங்கிய அதன் கோப்பைப் பந்தயம், பின்னர் மேல், கீழ் என இரு பிரிவுகளாக நடைபெற்றது. 2023-ல் அம்முறை புதுப் பெயர்களுடன் மீண்டும் வந்தது. தாய்லாந்தில் நடந்த சாலஞ்சர் கோப்பையில் ஜயித்த சவூதி அரேபியா, மேற்பிரிவாகிய பிரீமியர் கோப்பைக்கு உயர்ந்தது. பத்துத் தேசங்கள் மோதிய அப்பந்தயத்தில் நேபாளம் ஜயித்து, ஆசியக் கோப்பையில் ஸ்தானம் பெற்றது. செப்டம்பர் 4-ந் தேதி பல்லேகலையில் இந்தியாவை எதிர்த்து 230 ரன்கள் எடுத்தது. நேபாளம் தோற்றது உண்மையே. ஆயினும் ஏணியில் ஏறி வந்தோர் அங்கே நின்றனர். யாருடைய தயவாலும் வந்தவரல்லர்.

பலவீனமான கோஷ்டிகளைச் சேர்த்தால் ஆட்டத்தின் தரம் கெடும், வரும்படியும் குன்றும் என்று சிலர் ஆக்ஷேபிக்கின்றனர். அவர்களுக்கு ஆப்கானிஸ்தானத்தின் சரித்திரமே விடையாகும். 2008-ல் ஜெர்ஸி தீவில் உலக லீக்கின் ஐந்தாம் பிரிவில் ஆடிய அத்தேசம், 2017-ல் டெஸ்ட் அந்தஸ்துப் பெற்றது. 2023 அக்டோபர் 23-ந் தேதி, நமக்கருகே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் முறியடித்தது. கீழ்ப்பிரிவின் கதவு மூடியிருந்திருப்பின், அன்றைய ஆட்டத்தை நாம் கண்டிருக்க முடியுமா?

ஆனால் கதவு திறந்தும் மூடியும் வருவதே நமது கவலை. 2015-ல் உலகக் கோப்பையில் பதினான்கு கோஷ்டிகள் ஆடின. 2019-லும் 2023-லும் அத்தொகை பத்தாகச் சுருங்கிற்று. 2016-ல் டெஸ்ட் ஆட்டத்தை ஏழும் ஐந்துமாக இரு பிரிவாக்கும் யோசனையை இந்தியக் கிரிக்கெட் போர்டு எதிர்த்தது. சிறிய தேசங்கள் நஷ்டமடையும் என்பது அது கூறிய காரணம். அக்காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. பணமின்றிக் கீழே தள்ளப்பட்டவன் மீண்டும் ஏறுவது அரிது. அங்ஙனமாயின், அப்பணத்தை யார் தருவது? 2024 முதல் 2027 வரை சர்வதேசக் கவுன்ஸிலின் வரும்படியில் ஏறத்தாழ 38.5 விழுக்காடு இந்தியாவுக்கு உரியது. தொண்ணூறுக்கு மேற்பட்ட அசோஸியேட் தேசங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 11 விழுக்காடே கிடைக்கின்றது. இவ்வளவு பெறும் நாடு, சிறியோரின் நலத்தை வாயால் பேசுவது போதாது.

2025 ஆசியக் கோப்பையில் எட்டுக் கோஷ்டிகள் ஆடின; ஐக்கிய அரபு நாடுகளும் ஓமானும் ஹாங்காங்கும் ஏணி வழியே வந்தவை. இது நல்ல திருப்பமாகும். இதனின்று பின்வாங்கலாகாது.

வெளியே நியாயம் கேட்கும் நாம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். சென்னை லீக்கிலும் பிரிவுகளும் உயர்வும் உண்டு. சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த ஸ்ரீ நடராஜன் அதன் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். ஆனால் அந்த ஏணி ஊன்றியிருப்பது சென்னையில். திண்டிவனத்துப் பையன் அதன் முதற்படியில் கால்வைப்பதற்கே ஊரை விட்டுப் போய், தங்கவும் உண்ணவும் வழி தேடவேண்டியிருக்கிறது. ஜில்லாவில் சிறந்து விளங்கும் கோஷ்டி ஊரிலிருந்தபடியே மேற்பிரிவினருடன் மோத வழி செய்தல் வேண்டும். ஆடுகளமும் பயிற்சியும் விழுப்புரத்துக்கே வருதல் வேண்டும்.

கீழ்ப்படி தரையைத் தொடாத ஏணி, ஏற வேண்டியவனுக்குப் பயன்படாது. ஆசியாவுக்கும் நமது ஜில்லாவுக்கும் இந்நியாயம் ஒன்றே.