சதுரடி ரேட்டை மட்டும் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க தோழர்களே!

வீட்டுல மராமத்து வேலைன்னா நாம கேட்கிற முதல் கேள்வி, "சதுரடிக்கு எவ்வளவு?" மூணு பேர்கிட்ட கேட்போம். குறைச்சுச் சொன்னவர் கையில அட்வான்ஸைக் கொடுப்போம். எங்க வீட்டுலயும் அதேதான் நடந்தது. இத்தனைக்கும் நான் இன்ஜினியரிங் படிச்சவன். (சிவில் இல்லை, மெக்கானிக்கல். அந்தக் கிண்டல் வீட்டுல இன்னும் ஓடுது.)

பழைய பாத்ரூமை இடிச்சு மாத்துற வேலை. டைல்ஸ் எங்க பொறுப்பு, மற்ற எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்னு பேச்சு. பேச்சு மட்டும்தான், எழுத்துல ஒண்ணும் இல்லை. முடியும்போது பில் 1,32,000 ரூபாயைத் தாண்டிடுச்சு. அப்பா பி.எஃப். பணத்துல இருந்து எடுத்துக் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி அவர் சரியா சாப்பிடல.

மறுநாள் டேப்பை எடுத்துக்கிட்டு நானே உட்கார்ந்து அளந்தேன். 8க்கு 5 அடி பாத்ரூம். நாலு சுவரும் சேர்ந்து சுற்றளவு 26 அடி, டைல்ஸ் 7 அடி உயரம். 182 சதுரடி. கதவு இடம் பதினேழரையைக் கழிச்சு, தரை 40ஐச் சேர்த்தா சுமார் 205. பில்லில் 260! கேட்டதுக்கு "வேஸ்டேஜ் தம்பி"ன்னார். உடையுற, வெட்டுற டைல்ஸுக்காகப் பத்து சதவீதம் கூடுதலா வாங்குறது நியாயம். அதைக் கடையில ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தாச்சு. ஒட்டாத டைலுக்கு ஒட்டுற கூலி எப்படி வரும்? 55 சதுரடி, ஒட்டுறதுக்கும் கலவைக்கும் 110 ரூபாய் வீதம், ஆறாயிரம் ரூபாய் அங்கேயே போயிருக்கு.

மீதி 41,000? இடிச்ச கல்லை அள்ளிக் கொட்ட 14,000, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்கு 9,000, பைப் மாத்த 18,000. பைப் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். சுவரை உடைச்ச பிறகுதான் உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடிச்சிருந்தது தெரிஞ்சது, அது யாருக்கும் முன்னாடி தெரியாது. ஆனா பாத்ரூமை இடிச்சா கல் விழும்னு மேஸ்திரிக்குத் தெரியாதா? முதல் நாளே சொல்லியிருந்தா, 85,000ன்னு சொன்ன அவரைவிட ஒரு லட்சம்னு சொன்ன இன்னொருத்தர்தான் எங்களுக்கு மலிவாத் தெரிஞ்சிருப்பார்.

அதனால சதுரடி ரேட்டை அடிச்சுப் பேசுறதுல பெரிய லாபம் இல்லை. நீங்க பத்து ரூபாய் குறைச்சா அது ஒப்பந்தக்காரர் பாக்கெட்டுல பெரும்பாலும் குறையாது. வெயில்ல கலவை சுமக்கிற சித்தாள் அக்காவோட கூலியில குறையும், இல்லைன்னா கலவையில சிமெண்ட் குறையும். லாபம் வைக்கிறது தப்பே இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையே தன் விலைக் கணக்கில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம் வைக்குது. அந்த 15ஐ வெளிப்படையாக் கேட்கட்டும், கொடுப்போம்.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு தாளில் எழுதி வாங்குங்க: எதை எப்படி அளப்பாங்க, கதவு ஜன்னல் கழியுமா, இடிபாடு அள்ளுறது யார், சாரம் யாருது, எந்த பிராண்ட் சிமெண்ட், எத்தனை தவணையில பணம். எதிர்பாராத செலவு வந்தா, செய்யறதுக்கு முன்னாடி போன்ல சொல்லி ஒப்புதல் வாங்கணும், அதையும் எழுதுங்க. அப்புறம், "ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி"ன்னா பதிவு எண்ணோட பில் கேளுங்க. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது.

ஏமாந்தாச்சா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். ஆனா அங்கேயும் முதல்ல கேட்பாங்க: "எழுத்துல என்ன இருக்கு?"

அரசிடமும் நாம ஒண்ணு கேட்கணும். பொதுப்பணித் துறை வருஷா வருஷம் விலை விகிதப் பட்டியல் போடுது. பூச்சு வேலைக்கு எவ்வளவு, கொத்தனார் கூலி எவ்வளவுன்னு எல்லாம் அதில் இருக்கு. ஆனா அது இன்ஜினியர்களுக்கும் டெண்டர் எடுக்கிறவங்களுக்கும் புரியிற மொழி. அதில் வீட்டு வேலைக்கு வேண்டிய ஒரு முப்பது வரியை எடுத்து, எளிய தமிழ்ல, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டினா என்ன குறைஞ்சு போகும்? நம்மகிட்ட ரேட் இருந்தா மேஸ்திரியும் நியாயமாப் பேசுவார், சித்தாளும் தன் கூலியைக் கேட்பாங்க.

உங்க வீட்டுல சமீபத்துல பார்த்த வேலையோட பில் இருக்கா? பெயர், போன் நம்பரை மறைச்சிட்டு படம் எடுத்து நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மாவட்டவாரியாத் தொகுத்து, இந்தக் கோரிக்கையோட சேர்த்து மனுவாக் கொடுக்கப் போறோம். என் வீட்டு பில்லை முதல் ஆளா வெச்சுட்டேன்.