துளை உண்டு, வழி இல்லை

பட்டன் போன் வைத்திருப்பவனுக்கு டேட்டா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் படித்தவர்கள், தங்கள் விலாசங்களையும் படங்களையும் 'கிளவுட்' என்னும் கண்காணாத மேகத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள். விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கும்படி அவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். மணிலா மூட்டைகளுக்கு நடுவே நிற்கிற தரகரின் சட்டைப் பையில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ப் போன்தான். ஆனால் அதற்குள் இருக்கும் நானூறு, ஐந்நூறு பெயர்கள்தாம் அவருடைய முதல். லாரிக்காரர், செக்குக்காரர், மயிலம் பக்கத்துக் குடியானவர்கள், கடன் கொடுத்தவர், கடன் வாங்கிவிட்டு ஒளிகிறவர் எல்லாரும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தருகில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. அந்த வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த திண்டிவனத்துத் தரகர் ஒருவரின் சரக்கும் நனைந்தது, போனும் நனைந்தது. சரக்குக்கு நஷ்டக் கணக்கு எழுத முடிந்தது. போனுக்கு? சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்தோம். எப்போதோ பதிந்த நாற்பது பெயர்கள் வந்தன. மற்றவையெல்லாம் செத்துப்போன போனின் வயிற்றுக்குள் போய்விட்டன. "யாராவது கூப்பிட்டாத்தான் சார் எனக்கு ஆள் உண்டு" என்றார். பல நாள் அவர் தாமாக ஒருவரையும் கூப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

முன்பே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதே ஜாதிப் போன் ஒன்றை என் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். சேமிப்பகம், வெப்காம், காம் போர்ட் என்று திரையில் மூன்று வழிகளைக் காட்டிற்று. முதலாவதை அழுத்தினால் மெமரி கார்டிலுள்ள பாட்டுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு பெயர்கூட வரவில்லை. இரண்டாவதில் என் வீட்டுக் கூரை மங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதுதான் நிஜமான வாசல். அதைத் திறக்க டிரைவர் என்னும் சாவி வேண்டும். அந்தச் சாவியைக் கம்பெனி பெட்டிக்குள்ளும் வைக்கவில்லை. வேறெங்கு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

செலவு அதிகமாகும் என்று சமாதானம் சொல்கிறார்கள். என்ன செலவு? சாதாரண யு.எஸ்.பி. கம்பிக்குள் நாலு இழைகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. பேசும் இழை இரண்டையும் விட்டுவிட்டு, சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கம்பிகளும் கடையில் விற்கின்றன! கம்ப்யூட்டர் கேட்டால் போன் தன் பெயர்ப் பட்டியலை ஒப்பிப்பதற்கான கட்டளைகள் 1990-களிலேயே ஜி.எஸ்.எம். தரத்தில் எழுதப்பட்டுவிட்டன. ஆயிரம் பெயர்கள் சேர்ந்தாலும் ஒரு புகைப்படத்தின் அளவு இடம்கூடப் பிடிக்காது. போன் திருடு போனால் ஆபத்து என்று இன்னொரு சமாதானம். போனைத் திருடியவன் பட்டனை அழுத்தியே எல்லாவற்றையும் படித்துவிடுவானே, கம்பி அவனுக்கு எதற்கு?

இது இன்றைக்கு வந்த புத்தியும் அல்ல. 2003-ல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100-ஐ நினைத்துப் பாருங்கள். டார்ச் இருந்தது, தூசி புகாத பட்டன் இருந்தது. தன் வயிற்றில் 50 பெயர்களே அது வைத்துக்கொள்ளும். அவற்றை வெளியே எடுக்கச் சொந்தக்காரனுக்கு ஒரு கம்பித் துளை கிடையாது. அதே கம்பெனியின் விலை உயர்ந்த போன்களுக்கோ 'பி.சி. சூட்' என்ற மென்பொருளே தனியாக இருந்தது. பணக்காரன் பெயர்கள் பிரதி எடுக்கத் தக்கவை, ஏழையின் பெயர்கள் தொலையத் தக்கவை என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

சர்க்காராவது கவனித்ததா? 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நமக்கு ஓர் உரிமை வந்தது: நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். என் நம்பரை நான் தூக்கிக்கொண்டு போகலாம். நான் சேர்த்த நம்பர்களைத் தூக்கிக்கொண்டு போக வழி இல்லை! நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் தந்த சட்ட முன்வரைவில், நம்மைப் பற்றிக் கம்பெனிகள் வைத்திருக்கும் தகவலை நாமே பெற்று வேறிடத்துக்குக் கொண்டுபோகும் உரிமையாவது இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அதுவும் இல்லை. கம்பெனியின் கையிலுள்ளதற்கே இந்தக் கதி என்றால், தரகரின் சட்டைப் பையில் இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

நான் கேட்பது பெரிய வரம் அல்ல. 'எல்லாப் பெயரையும் வெளியே எழுது' என்று மெனுவில் தமிழில் ஒரு வரி. எழுதியதை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கவேண்டும். அந்த வசதி உண்டா இல்லையா என்பதை அட்டைப் பெட்டியின் மேலேயே அச்சிடவேண்டும். சில போன்கள் மெமரி கார்டில் அப்படி எழுதித்தான் தருகின்றன. ஆகவே முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தரகர் போன வாரம் புதுப் போன் வாங்க விழுப்புரம் வந்திருந்தார். நானும் கூடப் போனேன். "இதிலேர்ந்து நம்பரெல்லாம் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். கடைக்காரப் பையன் போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"டார்ச் நல்லாப் பளிச்சுனு எரியும்ங்க ஐயா" என்றான்.