மணலில் ஜீப் சவாரியா? நாலு கேள்வி கேட்டுவிட்டு ஏறுங்க!

லீவு வந்தால் போதும். கையில் இருக்கிற செல்போனில் விளம்பரம் வந்து விழுகிறது. "கடற்கரையிலே ஜீப் சவாரி! மணல் மேட்டிலே பாய்ச்சல்! வழிகாட்ட ஆள் கூடவே வருவார்!"

ஆபீசில் ஒருவர் போய்விட்டு வந்து போட்டோ காட்டுகிறார். மறுநாள் நாலு பேர் பணம் கட்டுகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் பிடுங்கி எடுக்கிறார்கள்.

போகலாமா, கூடாதா?

"கூடவே கூடாது" என்று உபதேசம் பண்ண நான் வரவில்லை. நானே போனவன்தான். இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் சவாரி இன்னமும் நெஞ்சில் இனிக்கிறது. இரண்டாவதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கேளுங்க சங்கதியை.

மாமியாரின் ஆசை

2009-ம் வருஷம், மே மாதம். எழும்பூரில் ரயில் ஏறி ராமேஸ்வரம் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய மாமியார்.

மாமியாருக்கு ஒரே ஓர் ஆசை. தனுஷ்கோடியை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்.

1958-ல் புதுப்பெண்ணாக 'போட் மெயில்' ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போனவர் அவர். மாமனாருக்கு அப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை வேலை.

1914 முதல் இலங்கைக்கு அதுதான் ராஜபாட்டை. எல்லாம் 1964 டிசம்பர் 22 ராத்திரியோடு சரி. புயல் அடித்தது. கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. ரயில் நிலையம், தபாலாபீஸ், மாதா கோவில் எல்லாம் இடிந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையே, பயணிகளோடு சேர்த்துக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது. "மனிதர் வாழத் தகுதி இல்லாத இடம்" என்று அரசாங்கம் அறிவித்தது.

2009-ல் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் மணல். ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும் பெண் கடல். மறு பக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண் கடல். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்தும் போகலாம். ஆனால் முட்டிவலிக்காரரான மாமியார் எப்படி நடப்பார்?

அதற்குத்தான் வேன் இருந்தது.

'எங்க வீட்டு மேடு, தம்பி!'

வேன் என்றதும் சொகுசு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். பெயிண்ட் உரிந்து, உப்புக் காற்றில் துரு ஏறி, கதவைக் கயிற்றால் கட்டிய பழைய வண்டி. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பிய பிறகும் டிரைவர் கிளம்பவில்லை.

"ஏம்ப்பா, எடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அவசரப்படாதீங்க சார். தண்ணி இப்பத்தான் வத்துது. அரை மணி போகட்டும். இப்ப எடுத்தா வண்டி உக்காந்துரும்" என்றார்.

கிளம்பிய பிறகும், முன்னால் போன வண்டித் தடத்தை விட்டு அவர் விலகவே இல்லை. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கிக் காலால் மணலை மிதித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் சக்கரம் புதைந்துதான் போயிற்று. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். பலகையைப் போட்டார். மாமியாரைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பிள்ளைகளுக்கு ஏகக் கொண்டாட்டம்!

காற்று குறைந்தால் டயர் அகன்று படியும், பாரம் பரவும், வண்டி புதையாது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படித்தவர் இல்லை.

என் மகன் கத்தினான். "அண்ணே, அந்த மேட்டு மேல ஏத்துங்க!"

டிரைவர் சிரித்தார். "அது எங்க வீட்டு மேடு தம்பி. அதை ஒடைச்சா கடல் வீட்டுக்குள்ள வந்துரும்."

மேட்டுக்குப் பின்னால் கீற்றுக் குடிசைகள். புயலுக்கு அப்புறமும் அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிற ஜனங்கள். வலை காயும் இடம் வந்ததும் வண்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

இடிந்த ரயில் நிலையத்தின் அருகே மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினார் டிரைவர். அவர் ஒரு சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். "இங்கதான் டிரங்குப் பெட்டியை வெச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மணலில் கையால் பள்ளம் தோண்டி ஓர் அம்மாள் எடுத்துக் கொடுத்த ஊற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். நாலு பக்கமும் உப்புக் கடல், நடுவில் நல்ல தண்ணீர்!

2017-ல் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குச் சாலை போட்டு முடித்துத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸே போகிறது. மணல் சவாரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வயசானவர்களுக்கு அது நல்லதுதான். ஆனாலும் அந்த டிரைவர் இப்போது என்ன செய்கிறாரோ என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

சோற்றில் மண்!

இப்போது இரண்டாவது கதை. போன வருஷம் மாசி மாதம். அதே மகன், இப்போது சம்பாதிக்கிறவன், "அப்பா, வாங்க, ஜாலியா இருக்கும்" என்று கூட்டிப் போனான். நகரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை. பெரிய பெரிய டயர் போட்ட ஜீப். பின்னால் நாலு சக்கர பைக்குகள்.

வழிகாட்டி இருபது வயசுப் பையன். நல்ல பையன்தான். ஆனால் அந்த ஊர்க்காரன் இல்லை. கடல் ஏறுகிறதா, வற்றுகிறதா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஏறியிருந்ததால் கரையில் ஈர மணல் கொஞ்சம்தான் இருந்தது. ஆகவே ஜீப்பை மேட்டின் மேல் ஏற்றினான். அடும்பங்கொடி மேலேயே ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றினான். எல்லோரும் விசில் அடித்தார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மேட்டைத் தாண்டி இறங்கிய இடத்தில் மீன் காயப் போட்டிருந்தார்கள். ஜீப் திரும்பிய வேகத்தில் மணல் வாரி அடித்தது. பாதி மீன் மண்ணாகிவிட்டது.

காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்தாள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களேய்யா!" என்றாள்.

ஓட்டியவனை அவள் பார்க்கவில்லை. நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நிறுத்துப்பா" என்றேன். "டைம் ஆச்சு சார், அடுத்த பேட்ச் வெயிட் பண்ணுது" என்றான். வண்டி போய்விட்டது. அந்த மீனுக்கு யார் பதில் சொன்னார்கள்? யாருமில்லை. நானும்தான் சொல்லவில்லை.

சும்மாவா கிடக்கிறது மணல்?

"வெறும் மணல்தானே சார், அதில் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இல்லை என்றால் மணல்மேடே இல்லை. காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்துவதே அவைதான். சக்கரம் ஏறினால் வேர் அறுந்துவிடும். வேர் அறுந்தால் மேடு கரையும். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கம், மணல்மேடு இருந்த இடங்களில் அலையின் வேகம் மட்டுப்பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். தனுஷ்கோடி டிரைவர் சொன்னது வேடிக்கைப் பேச்சா?

அடுத்தது பங்குனி ஆமை. ஜனவரி தொடங்கி நம் சென்னைக் கரையில் முட்டையிட ராத்திரியில் ஏறி வரும். ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைபோல இட்டு மூடிவிட்டுப் போகும். மேலே அடையாளமே தெரியாது. குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வனத்துறையும் தொண்டர்களும் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். கண்ணில் படாத முட்டைகள் மணலுக்குள்ளேதான் கிடக்கும்.

அதன் மேல் ஜீப் ஓடினால்? மணல் இறுகிக் குஞ்சுகளால் மேலே வர முடியாது. தப்பி வந்தாலும் சக்கரத் தடம் வாய்க்கால்போலக் குறுக்கே கிடக்கும். விரல் நீளக் குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாமல் தடத்தோடேயே போகும். காக்காயும் நாயும் காத்திருக்கும். ராத்திரி ஜீப் விளக்கு எரிந்தால் கடல் எது, கரை எது என்று தெரியாமல் வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும்.

2025 ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சம் இருப்பதையும் ஜாலிக்காக நசுக்குவதா?

மற்ற இடங்களில் எப்படி?

தென்னாப்பிரிக்காவில் 2001 டிசம்பரில் பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டத் தடை போட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கேகாரி என்ற மணல் தீவில் தடை இல்லை. ஆனால் பர்மிட் இல்லாமல் சக்கரம் உருளக்கூடாது. வேகத்துக்கு வரம்பு உண்டு. கடல் ஏறும் நேரத்தில் ஓட்டாதே என்று எச்சரிக்கை உண்டு.

அவ்வளவு தூரம் எதற்கு? கேரளத்தில் கண்ணூருக்குப் பக்கத்தில் முழப்பிலங்காடு இருக்கிறது. நாலு கிலோமீட்டர் அளவுக்குக் கெட்டியான மணல். சாதாரணக் காரே ஓடுகிறது. இயற்கை அங்கே அப்படி அமைந்திருக்கிறது.

நம்ம ஊர்க் கரை பல இடங்களில் சரிவு. ஈர மணல் குறுகல். வண்டி ஓட வேண்டுமானால் மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சவாரியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? மணல்மேட்டைக் குலைக்கக்கூடாது என்று 1991-லேயே கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை சொல்லிவிட்டது. பங்குனி ஆமைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இடம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஜீப் மேட்டில் இருக்கிறது!

பிழைப்பில் கை வைக்கலாமா?

"சவாரியை நிறுத்தினால் பையன்கள் பிழைப்பு என்ன ஆவது?" நியாயமான கேள்வி. முட்டிவலிக்காரர்களுக்கும் ஊன்றுகோல் பிடித்தவர்களுக்கும் கடல் பார்க்கும் ஆசை இருக்கக் கூடாதா? அதுவும் நியாயமே. மாற்றுத் திறனாளிகள் அலை வரை போக 2022-ல் மெரினாவில் மரப்பாதை போட்டபோது எத்தனை முகங்களில் சிரிப்பு!

அதனால்தான் சொல்கிறேன். இடம் பார்த்து, ஆள் பார்த்து நடத்தினால் சவாரி இருக்கட்டும். கெட்டியான ஈர மணல் அகலமாக இருக்கிற கரையில் மட்டும், ஒரே தடத்தில் ஓடட்டும். அந்தத் தடத்தை அடுத்து ஏறுகிற தண்ணீரே அழித்துவிடும். ஆமை வரும் மாதங்களில் வண்டிக்கு லீவு. பொழுது சாய்ந்தால் லீவு. வழிகாட்டி வேலையை அந்தந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். கடலை அவர்களுக்குத் தெரியும். தன் வீட்டு மேட்டைத் தானே யாரும் உடைக்க மாட்டார்கள்.

ஏறுமுன் கேளுங்கள்

பணம் கொடுக்கிறவர் நீங்கள். நாலு கேள்வி கேளுங்கள்.

நீ எந்த ஊர்ப்பா? இன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும்? வண்டி ஈர மணலில் போகுமா, மேட்டில் ஏறுமா? இருட்டுவதற்குள் திரும்பிவிடுமா?

நாலுக்கும் சரியான பதில் வந்தால் ஏறுங்கள். இல்லையா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலாற நடங்கள். காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

இடத்தை வரையறுக்க வேண்டியதும், மீறுகிற வண்டியைப் பிடிக்க வேண்டியதும் அதிகாரிகள் வேலை. அடுத்த ஆமைக் காலம் வருமுன் கவனிப்பார்களா?

நான் அந்தக் கடற்கரைக்கு மறு வாரம் பஸ்ஸில் போனேன். அந்த அம்மாளைத் தேடினேன். அகப்படவில்லை. அவள் இருந்த இடத்தில் புதுச் சக்கரத் தடம்தான் கிடந்தது.